பூரித்து ஆடிய அரியணை

முன்னொரு காலத்தில் நெடுங்குளம் என்றொரு நாடு இருந்தது. அதை வீரகேசரி பூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருநாள் அவர் பாயசத்தை வாயருகே கொண்டுபோகும் நேரம் பார்த்து, வெளியே தண்டோராக்காரன் "ஊரில் வாந்திபேதி!" என்று கத்திவிட்டான். பாயசம் இறங்கவில்லை. வந்ததே கோபம்! "இனி என் காதில் அமங்கலச் சொல் எதுவும் விழக்கூடாது! நோய், சாவு, அழுகல் எதுவுமே எந்த அறிவிப்பிலும் வரக்கூடாது!" என்று ஆணையிட்டுவிட்டார்.

அதைக் காக்கும் பொறுப்பை அவைப்புலவர் பவளவண்ணர் முந்திக்கொண்டு வாங்கிக்கொண்டார். அரண்மனை அறிவிப்பு எதுவானாலும் அவர் வாயில் புகுந்து, மெருகேறித்தான் வெளியே போகும்.

கொஞ்ச நாளில் மருத்துவத் துறைக்கு 'அறிவிப்புத் தலைவர்' என்று ஒரு பெரிய பதவியை ராஜா உண்டாக்கினார். குரல் இனிமையாக இருக்க வேண்டும், எந்த நெருக்கடியிலும் முகம் சிரித்திருக்க வேண்டும், எதையும் சொல்லாமலே நெடுநேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று தகுதிகளைப் பவளவண்ணர் வகுத்தார். எல்லாம் அவருடைய மைத்துனருக்கு அளவெடுத்துத் தைத்தது போலவே இருந்தன.

போட்டிக்கு வந்தவர்களில் தையல்நாயகி என்றொருத்தி இருந்தாள். துறைமுகத்தில் அயல்நாட்டு வணிகர்களின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியாக இருந்தவள்.

"சொல்ல ஒன்றுமில்லாத நாளில் என்ன அறிவிப்பாய்?" என்று ராஜா கேட்டார்.

மைத்துனர் அரைமணி நேரம் பதில் சொன்னார். தையல்நாயகியோ, "வாயை மூடிக்கொண்டிருப்பேன், அரசே" என்றாள். ராஜா விழுந்து விழுந்து சிரித்து, பதவியை அவளுக்கே கொடுத்துவிட்டார். பவளவண்ணருக்கு வயிறு எரிந்தது.

அந்த மழைக்காலத்தில் யானைக்கொட்டடியின் சாக்கடை உடைந்து ஊர்க்குளத்தில் கலந்தது. குயவர் தெருவில் பேதி கண்டு ஆட்கள் சாகத் தொடங்கினார்கள். தெப்பத் திருவிழா வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. நாடே திரண்டு வந்து அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கும். தையல்நாயகி பதறிப்போனாள். "பேதி பரவுகிறது. குளத்துத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்" என்று எழுதிக் கொடுத்தாள்.

பவளவண்ணர் அதைப் படித்து முகம் சுளித்தார். "அம்மணி, என்ன கொச்சை இது! நான் பார்த்துக்கொள்கிறேன்."

மறுநாள் தண்டோரா முழங்கியது: "நெடுங்குளத்து நீர் மக்களின் வயிற்றோடு உறவாடி மகிழ்கிறது! மன்னர் வாழ்க!" கேட்ட ஜனங்கள் ஆளுக்கு ஒரு குடம் கூடுதலாக மொண்டுகொண்டு போனார்கள்.

தையல்நாயகி ராஜாவிடமே ஓடினாள். "அரசே, பேதி..." என்று தொடங்கியதும் அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அமங்கலம்! எதுவானாலும் பவளவண்ணர் வாயால் வரட்டும்!"

அன்று மாலை குயவர் தெருவில் அவளுடைய தோழி பொன்னி செத்துப்போனாள். தையல்நாயகி விம்மி விம்மி அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு யோசித்தாள். அரியணையின் பின்கால் ஒன்றைச் செல் அரித்திருப்பதை அவள் முன்பே கவனித்திருந்தாள். காலடியில் மரத்தூள் குவிந்து கிடந்தது. அமங்கலம் என்று தச்சர்கள்கூட வாய்திறக்கவில்லை.

மறுநாள் ராஜா அவைக்குள் நுழைந்தபோது அவள் ஓர் ஓலையைப் பவளவண்ணரிடம் நீட்டினாள். "அரசரின் உடல்நலம் பற்றிய அவசர அறிவிப்பு, புலவரே. மாற்றாமல் வாசியுங்கள்."

'அரியணையின் பின்கால் செல்லரித்துவிட்டது. உட்கார்ந்தால் விழுவீர்கள்' என்றிருந்தது. இவள் சொல்லி நான் கேட்பதா என்று பவளவண்ணருக்கு வீம்பு. தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார்: "மன்னர் அமரும் இன்பத்தை எண்ணி அரியணை பூரித்து ஆடுகிறது!"

"ஆஹா!" என்று ராஜா பொத்தென்று உட்கார்ந்தார். படீர்! அரியணை பின்னால் சாய, கிரீடம் ஒரு பக்கம், ராஜா ஒரு பக்கம். நல்லவேளை, பின்னால் ஆள் நீளத்துக்கு இலவம்பஞ்சு மெத்தை கிடந்தது.

"சதி! மெத்தையைப் போட்டவள் இவள்தான்!" என்று புலவர் அலறினார்.

"மெத்தை போட்டது நான்தான். உட்கார வைத்தது உங்கள் கவிதை" என்றாள் தையல்நாயகி.

ராஜா மெத்தையில் கிடந்தபடியே ஓலையை வாங்கிப் படித்தார். முகம் சிவந்தது. "இதை ஏன் அப்படியே சொல்லவில்லை?"

"அரசே, தங்கள் ஆணைதான்" என்று புலவர் குழறினார்.

"அரசே, இந்தக் கவிதைக்குத் தங்கள் கிரீடம் உருண்டது" என்றாள் தையல்நாயகி. "குளத்தைப் பற்றிப் பாடிய கவிதைக்கு என் பொன்னி போய்விட்டாள். அவளுக்கு யாரும் மெத்தை போடவில்லை."

ராஜா மெல்ல எழுந்தார். இந்தத் தடவை காதைப் பொத்திக்கொள்ளவில்லை. "குளத்துத் தண்ணீர் ஒரு செம்பு கொண்டுவாருங்கள். வயிற்றோடு உறவாடுமாமே, புலவர் முதலில் உறவாடட்டும்."

செம்பு வந்தது. பவளவண்ணர் நாலடி பின்வாங்கினார். "குடியும்!" என்று ராஜா அதட்டினார்.

"ஐயோ, காய்ச்சாத தண்ணீர்! குடித்தால் பேதி வந்து செத்துப்போவேன்!"

தையல்நாயகி கும்பிட்டாள். "அரசே, அறிவிப்பு தயார். ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம்."

அன்று பிற்பகல் முதல் தெப்பம் முடியும்வரை, கழுத்தில் தண்டோராவை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக அதைக் கத்தினார் பவளவண்ணர். ஊரெல்லாம் அடுப்பில் தண்ணீர் கொதித்தது. சாக்கடையும் அடைபட்டது. திருவிழாவுக்கு வந்தவர்கள் நோய்நொடியில்லாமல் வீடு திரும்பினார்கள்.

தையல்நாயகி எழுதுவது இனி அப்படியே வெளியே போகும் என்று ராஜா முத்திரை மோதிரத்தையே கழற்றிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் அவள் பக்கம் குனிந்தார்.

"பாயசம் சாப்பிடும்போது மட்டும்..."

"அப்போதும் சொல்வேன், அரசே. சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்."