கடைசி டிராம்

ஐரீன் செல்லப்பா இருபது வயதில் சென்னையில் ஒரு ஹோட்டலில் ஜாஸ் பியானோ வாசிக்கத் தொடங்கினார். பிறகு பாடவும் செய்தார். நாற்பதைத் தாண்டி வானொலிக்கு வந்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு நேரடி ஒலிபரப்பு. யாராவது ஒரு பழைய கலைஞரைக் கூப்பிட்டுப் பேசுவார். அவர் பாட, இவர் வாசிப்பார். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் தாளைப் பார்த்து வாசித்ததில்லை.

பிலோமினா அவருடைய மாணவி. நாற்பத்திரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐரீனுக்கு உதவியாக வந்து, ஸ்டுடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு வெளிப்பக்கம் உட்காருவாள்.

அந்த வாரம் வரப்போகிறவர் எர்னஸ்ட் டிக்ரூஸ் என்றதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொம்பளை பியானோ வாசிச்சா பேண்டுக்கு எடுபடாதுன்னு உங்களை வெளியே அனுப்பினவர்தானே, மிஸ்?"

"அவரேதான்."

"அவரைப் போய் ஏன் கூப்பிடறீங்க?"

"நல்லாப் பாடுவார்" என்றார் ஐரீன்.

எர்னஸ்டுக்கு எழுபத்தெட்டு வயது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கோட்டும் டையும் போட்டிருந்தார். பழைய கதைகளைச் சரளமாகப் பேசினார். ஐரீனை அனுப்பிய கதை அதில் வரவில்லை. ஐரீனும் கேட்கவில்லை.

பிறகு பாட்டு. அவரே கட்டிய பாட்டு. 'கடைசி டிராம் போன பின்னும்' என்று எடுத்தார். குரல் இன்னும் கனமாகத்தான் இருந்தது. அடுத்த அடி ஞாபகம் வராமல் பாட்டு அதோடு நின்றுபோனது.

ஐரீன் அந்த இடத்தையே திரும்ப வாசித்தார். எர்னஸ்ட் வாயைத் திறந்தார், மூடினார். ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. வாசலோரம் நின்ற மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரெகார்டு போட்டுவிடட்டுமா என்று பிலோமினா கண்ணாடி வழியாக சைகை காட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்த ஐரீன், மைக்குக்கு நேராகக் குனிந்து தானே பாடினார்.

"கடைசி டிராம் போன பின்னும்
தண்டவாளம் தூங்குதே..."

எர்னஸ்ட் சட்டென்று நிமிர்ந்தார்.

"தூங்குதே இல்லை, ஐரீன். மினுங்குதே! தண்டவாளம் எங்கேயாவது தூங்குமா?"

"அடடா, மன்னிச்சுக்குங்க. மறந்துட்டேன். நீங்களே பாடுங்க."

அவர் பாடினார். ஒரு வார்த்தை பிசகாமல் முடிவுவரைக்கும் பாடினார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். போகும்போது எர்னஸ்ட், "பாட்டை ஒழுங்காப் பாடம் பண்ணிக்கோ" என்று ஐரீனிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் நிலையத்துக்கு டெலிபோன் மேல் டெலிபோன். ஐரீனுக்கு ஞாபகம் தப்புகிறதா என்று பாதிப் பேர் விசாரித்தார்கள். மீதிப் பேர் பரிதாபப்பட்டார்கள். அதிகாரி ஐரீனை அழைத்து, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்:

"வயசாகுது மேடம். இனிமே நேரடி ஒலிபரப்பு வேண்டாம். முன்னாடியே பதிவு பண்ணிடலாம். தப்பு வந்தா வெட்டிக்கலாம்."

"சரிங்க" என்றார் ஐரீன்.

பள்ளிக்கூடம் முடிந்து ஓடிவந்து பக்கத்தில் நின்ற பிலோமினாவுக்கு ஆறவில்லை. வெளியே வந்ததும் கொட்டினாள்.

"அந்தப் பாட்டு உங்களுக்குத் தலைகீழாத் தெரியும், மிஸ். எனக்கே நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? வேணும்னேதான் மாத்திப் பாடினேன்னு அதிகாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நாளைக்கு எர்னஸ்ட் காதுக்குப் போயிடும்."

"போகட்டுமே! அவர் உங்களுக்குச் செஞ்சதுக்கு..." அவள் ஐரீனை மறித்து நின்றாள். "இருபத்திரண்டு வருஷத்துப் பேரு, மிஸ். உங்களுக்குப் பாடத் தெரியலைன்னு ஊரே பேசுது."

ஐரீன் அவள் தோளில் கை வைத்தார்.

"நேத்து நான் எங்கேடி பாடினேன்? அவருக்குப் பக்கவாத்தியம்தானே வாசிச்சேன்."