வாய் மூடிய நேரத்து அச்சு

ஒரு பாடகிக்கு இரண்டு காதுகளும் ஒரு வாயும் இருந்தன. இதிலென்ன அதிசயம் என்கிறீர்களா? காதுகளுக்கு வாயைக் கண்டால் ஆகாது. வம்பே அங்கேதான்.

பாடகியின் பெயர் சகாயராணி. தூத்துக்குடிப் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் பாடினாள். போன கச்சேரியில் டிரம்ஸ் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்காமல் சுருதி விலகிவிட்டது. "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற ஆளத்தான் பாக்கணும், ராணி" என்று குழுவை நடத்தும் தாமஸ் சொல்லிவிட்டார். மேடையில் தன் குரலைத் தானே கேட்கக் காதுக்குள் செருகிக்கொள்ளும் மானிட்டர் ஒன்று உண்டு. அவரவர் காதுக்கு அளவெடுத்துச் செய்வார்கள். சகாயராணி அதற்கு அச்சுக் கொடுக்கப் போனாள்.

காதுகளுக்குத் தலைகால் புரியவில்லை.

"நமக்குன்னே அளவெடுத்துச் செய்யறாங்களாம். இந்த வாய்க்கு யாராவது அளவெடுத்திருக்காங்களா?" என்றது வலக்காது.

"பல்செட்டுக்கு எடுப்பாங்க. அதுக்கு இவ கிழவியாகணும்" என்று சிரித்தது இடக்காது.

அச்செடுக்கும் பர்வீன் காதுக்கு ஒன்றாக நூல் கட்டிய பஞ்சை உள்ளே வைத்தாள். பிறகு சகாயராணியின் பல்லுக்கிடையே ஒரு சின்னக் கட்டையைக் கொடுத்தாள்.

"அக்கா, பசை இறுகுற வரைக்கும் இதக் கடிச்சுக்கிட்டு வாயத் தொறந்தே வச்சிருங்க. பாடும்போது தாடை இறங்கும்லா, அப்போ காதுக்குள்ளயும் இடம் மாறும். அந்த அளவுதான் வேணும்."

சிரிஞ்சிலிருந்து நீலப் பசை குளுகுளுவென்று இறங்கியது. காதுகள் சொக்கிப்போயின. கீழே வாய் ஆவென்று பிளந்து கிடந்தது. ஓரத்தில் எச்சில் வடியத் தொடங்கியது.

"அடச்சீ, எங்க விசேஷத்துல வந்து இப்படியா வடிச்சுக்கிட்டு நிப்ப?" என்றது இடக்காது.

"பந்திக்குக் கூப்பிட்டிருக்கோம்னு நெனச்சிட்டு போல" என்றது வலக்காது.

வாய்க்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டை இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நேரம் பார்த்து பர்வீனுக்குப் போன் வந்தது. அவள் பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனாள். வாய் கட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. சகாயராணிக்கும் தாடை வலித்தது. கொஞ்சம் மூடினால் என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டாள்.

பசை தயங்கியது. "இப்போ இடம் வேற மாதிரி இருக்கே. நான் எதப் பிடிச்சு வைக்கட்டும்?"

"இதத்தான். வாய் மூடியிருந்தாத்தான் நாங்க லட்சணமா இருப்போம்."

"அவங்க பாடும்போது?"

"அது வாயோட கவலை. உனக்கென்ன?"

பசைக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அப்படியே இறுகிவிட்டது. பர்வீன் திரும்பி வந்தபோது வாய் மறுபடி கட்டையைக் கடித்துக்கொண்டு பரம சாதுவாக இருந்தது.

அடுத்த கச்சேரி ஒரு சர்ச் திருவிழாவில். புது மானிட்டரை மாட்டியதும் கூட்டத்தின் இரைச்சல் அடங்கியது. கீபோர்டின் சுருதி மட்டும் சுத்தமாகக் கேட்டது. காதுகளுக்கு அப்படியொரு பெருமை.

வாய் பாடத் திறந்தது. தாடை இறங்கியது. மானிட்டரைச் சுற்றி இடைவெளி விழுந்து, டிரம்ஸ் மொத்தமும் உள்ளே கொட்டியது. சகாயராணிக்குத் தன் குரல் கேட்கவில்லை. வரி முடிந்து வாயை மூடினால் எல்லாம் துல்லியமாக இருந்தது. அடுத்த வரிக்குத் திறந்தால் மறுபடி இரைச்சல்.

"ஏய், கொஞ்சம் மூடேன். ஒண்ணும் கேக்கல" என்று காதுகள் கெஞ்சின.

மூச்சு வாங்கிய இடத்தில் வாய் கேட்டது: "நான் மூடிட்டா எதக் கேக்கப் போறீங்க?"

சரணத்தில் சுருதி நழுவியது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தாமஸ் அவளிடமிருந்து மைக்கை வாங்கி, கோரஸ் பாடும் ஜெனிட்டாவிடம் கொடுத்தார்.

சகாயராணி மேடை ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். மானிட்டரைக் கழற்றக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஜெனிட்டா பாடியது ஒரு சுரம் பிசகாமல் காதுகளுக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டது. வாய்தான் மூடியிருந்ததே.