பெரியவர் கைபட்ட தட்டு

மலைமேல் இருக்கும் மடத்தில் முப்பது வருஷமாகப் பந்தி பரிமாறியவர் உலகநாதர். குருபூஜை முடிந்த நாளிலிருந்து அவர் கரண்டியைத் தொடவில்லை.

நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. மடத்தை நிறுவிய பெரியவர் தன் கையால் சோறு போட்ட பலாமரத் தட்டு ஒன்று அங்கே உண்டு. குருபூஜையன்று மட்டும் அதை வெளியே எடுப்பார்கள். தயிர்ச்சோற்றைக் குவித்து, முதல் பந்திக்கு அதிலிருந்துதான் பரிமாறுவார்கள். இந்த வருஷம் முதல் பந்தியில் சாப்பிட்ட ஒன்பது பேருக்கு வாந்தி பேதி. எட்டுப் பேர் இரண்டு நாளில் எழுந்துவிட்டார்கள். மலையடிவாரத்து ரஞ்சிதத்தின் மகள் பூவிழி, ஆறு வயசுக் குழந்தை, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் துவண்டு கிடந்தது. பிழைத்து வந்ததே பெரிய பாடு.

உலகநாதர் மடத்துத் தலைவி வடிவம்மையிடம் போனார். அம்மைக்கு இவரைவிட இருபது வயசு குறைவு. இருந்தால் என்ன, குரு குருதானே. எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அம்மா, இந்தக் கை இனிமே யாருக்காவது சோறு போடலாமா?”

“கை என்ன பண்ணிச்சு?”

“கையிலதாம்மா குறை. தட்டுல குறை இருக்குமா? அது பெரியவர் தட்டு.”

“கழுவினீங்களா?”

உலகநாதர் பதறிப்போனார். “அதைக் கழுவுற வழக்கமே கிடையாதேம்மா!”

கிடையாதுதான். தட்டின் நடுவில் கறுப்பாக ஒரு கறை. பெரியவரின் உள்ளங்கை பதிந்த தடம் என்று எப்போதோ யாரோ சொன்னார்கள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தண்ணீர் பட்டால் தடம் அழிந்துவிடுமாம். ஆகவே துணியால் ஒரு துடை, மேலே சந்தனம் குங்குமம், பட்டில் சுற்றிப் பெட்டிக்குள். நாற்பது வருஷமாக இதே கதை! வீட்டுச் சோற்றுப்பானையை நாலு நாள் இப்படி வைத்திருந்தால் நாமே மூக்கைப் பிடித்துக்கொள்வோம். பக்தி என்றால் மூக்கு கூட வாயைத் திறப்பதில்லை.

அம்மை தட்டை எடுத்துவரச் சொன்னார். அதில் வெந்நீர் ஊற்றி ஆறவிட்டார். ஆறியதை ஒரு டம்ளரில் வடித்து நீட்டினார்.

“குறை இல்லேன்னீங்களே. குடிங்க.”

உலகநாதர் வாய்வரை கொண்டுபோனார். ஊசல் வாடை மூக்கில் அடித்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். இதைத்தானே அந்தக் குழந்தையின் இலையில் போட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

“சோறு வைக்கிற தட்டா ஆக்கிக் கொண்டாங்க. அப்புறம் கையைப் பத்திப் பேசலாம்.”

வெந்நீர் விட்டுச் சந்தனத்தை உரித்தார். பட்டை பட்டையாக வந்தது. கண்ணாடிச் சில்லால் மரத்தைச் சுரண்டினார். கல்லுப்பை வைத்து எலுமிச்சை மூடியால் தேய்த்தார். கழுவி, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்து உலர்த்தினார். ஒரு வாரம் கழித்து எடுத்துப் போனார்.

அம்மை மறுபடி வெந்நீர் ஊற்றினார். முகர்ந்து பார்த்தார்.

“நடுவுல விட்டுட்டீங்களே.”

“அது அவர் கைம்மா. எப்படிச் சுரண்டுவேன்?”

“பூவிழி எப்படி இருக்கு?”

உலகநாதர் இதுவரை போய்ப் பார்க்கவே இல்லை.

அன்றைக்கே மலையிறங்கினார். ரஞ்சிதம் வாசலில் நின்றாள். குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கை குச்சியாகியிருந்தது.

“தட்டைக் கழுவாமப் போட்டுட்டேன் தாயி. கறையைச் சாமின்னு கும்பிட்டுக்கிட்டு இருந்துட்டேன்.”

ரஞ்சிதம் குழந்தையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

மடத்துக்கு வந்து உளியை எடுத்தார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு தடத்தின் மேல் வைத்தார். அந்த இடம் ஊறிய புண்ணாக்கு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. விரற்கடை ஆழத்துக்குப் பூஞ்சை. கைத்தடம் என்று அங்கே ஒன்றுமே இல்லை. உலகநாதர் அழுதார். அழுதுகொண்டே சுரண்டினார். அடியில் மஞ்சளாக, கெட்டியாக, நல்ல மரம் வரும்வரை சுரண்டினார். மறுபடி உப்பு, எலுமிச்சை, வெந்நீர், வெயில். நன்றாகக் காய்ந்தபின் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து ஊறவிட்டார். நடுவில் பள்ளம் விழுந்த தட்டாகிவிட்டது அது.

இந்த முறை ஊற்றிய வெந்நீரை அம்மையே எடுத்துக் குடித்தார்.

உலகநாதர் மூன்று நாள் அந்தத் தட்டில் தான் மட்டும் சாப்பிட்டார். நாலாம் நாள் வெள்ளிக்கிழமை, ஊருக்குச் சோறு போடும் நாள். வெண்பொங்கலைக் குவித்துக்கொண்டு சமையற்கட்டு வாசல்வரை வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார். பந்தியின் கடைசியில் ரஞ்சிதம். பக்கத்தில் பூவிழி.

அம்மை அருகே வந்து நின்றார்.

“அம்மா, பெரியவர் கைத்தடம் போயிடுச்சே. ஜனங்க கேட்டா நான் எதைக் காட்டுவேன்?”

“பிள்ளை இலைக்குத் தண்ணி தெளிச்சிட்டு உக்காந்திருக்கு. பொங்கல் ஆறுது, போங்க.”