சுவாமி காத்திருந்த உறக்கம்

நாணற்குடி என்னும் ஆற்றங்கரை ஊரில் சடையாண்டியார் என்றொரு அடியார் இருந்தார். காலையில் கோயில் மடைப்பள்ளிக்கு விறகு பிளப்பார். பிரதோஷத்திலும் திருவிழாவிலும் நாணலீசர் வீதியுலா வரும்போது பல்லக்கின் முன்தண்டுக்கு இடது தோளைக் கொடுப்பார். காய்ப்பேறிய அந்தத் தோளைத் தொட்டால் மரத்தைத் தொட்டதுபோல் இருக்கும். தண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அப்பனே" என்று ஒருமுறை சொல்லித்தான் ஏற்றுவார். அவருக்குத் தெரிந்த மந்திரம் அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு குறையும் இருந்தது. அடியார் என்பதற்காக அதை மறைப்பது நமக்கு அழகல்ல. கள் குடிப்பார். சுவாமி தூக்குகிற எட்டுப் பேருமே குடிப்பார்கள். தோள்வலி தெரியாமல் இருக்க என்று நியாயம் சொல்வார்கள். வலி இல்லாத நாளிலும் அந்த நியாயம் தப்பாமல் வந்து நிற்கும்.

முந்தின ஆண்டுத் திருவிழாவில், தெற்கு வீதி முனையில் பல்லக்கைத் திருப்பும்போது சடையாண்டியாரின் கால்கள் போதையில் பின்னிக்கொண்டன. தண்டு நழுவி, அவருக்குப் பின்னால் தோள் கொடுத்திருந்த வெள்ளையப்பனின் மார்பில் இறங்கியது. வெள்ளையப்பன், சடையாண்டியாரின் மனைவி உலகம்மையாருக்கு உடன்பிறந்த தம்பி. மூன்றாம் நாள் இறந்துபோனார். சுவாமியின் திருமேனிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஊர் நிம்மதி அடைந்தது. பழியை விதியின் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

உலகம்மையார் கணவரை ஏசவில்லை. பேச்சையே நிறுத்திக்கொண்டார். அந்த மௌனம் தாங்காமல் அடியார் இன்னும் குடித்தார். ஓராண்டு அப்படியே பாழாய்ப் போயிற்று.

இவ்வாண்டு கொடியேற்றத்தன்று, பல்லக்குத் தூக்குகிறவர்களுக்குக் காப்புக் கட்டினார்கள். வெள்ளையப்பன் நிற்க வேண்டிய இடத்தில் பூவலிங்கம் என்பவர் நின்று கையை நீட்டினார். அதைக் கண்டதும் சடையாண்டியாருக்கு நெஞ்சு உடைந்தது. சந்நிதியில் விழுந்து, இனிக் கள்ளைத் தொடுவதில்லை என்றும், பத்தாம் நாள் தீர்த்தவாரிக்குத் தெளிந்த காலோடு சுவாமியை ஆற்றில் இறக்குவேன் என்றும் சொல்லி அழுதார்.

சொல்லிவிடுவது எளிது. அதற்குப் பிந்திய நாட்கள்தான் பொல்லாதவை. கை நடுங்கிக் கோடரி நழுவியது. சும்மா இருக்கும்போதே வியர்த்துக் கொட்டியது. முதல் நான்கு நாள் கண் மூட முடியவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து திறக்க முடியவில்லை. உட்கார்ந்தாலும் தூக்கம், நின்றாலும் தூக்கம். உடம்பு தூக்கம் கேட்டால் கொடுத்துவிடு, கஞ்சியை விடாதே, இந்த அயர்வு சில வாரம் இருந்துதான் போகும் என்று வைத்தியர் சொன்னார். அடியார் பத்துக் கட்டை பிளந்தால் சற்றுப் படுப்பார். எழுந்து மறுபடி பிளப்பார். கருப்பட்டி கரைத்த கஞ்சியை உலகம்மையார் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போவார்.

கள்ளை விட்டவர் பாயை விடமாட்டேன் என்கிறாரே என்று ஊர் சிரித்தது. எட்டாம் நாள், பல்லக்கைத் தூக்க முடியாமல் அவர் தள்ளாடுவதைப் பார்த்துப் பூவலிங்கம் கள்ளுக் கலயத்தோடு வந்தார்.

"ஒரு வாய் ஊத்திக்கிடும். தோளுக்குப் பலம் தானா வரும்."

"வரும்," என்றார் அடியார். "அந்தப் பலந்தான் என் மச்சினனைக் கொன்னுச்சு."

கலயத்தின் வாசனை போன பிறகும் நெடுநேரம் அவர் உடல் நடுங்கிக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் வந்தது. கோயில் வாசலில் தண்டை ஏற்ற தோள்தான் ஆற்றில் இறக்க வேண்டும், நடுவில் ஆள் மாற்றக்கூடாது என்பது அவ்வூர் வழக்கம். பாதி வழியில் கல்மண்டபத்தின் மேடைமேல் பல்லக்கை இறக்கி வைத்தார்கள். மற்றவர்கள் மோர் குடிக்கப் போனார்கள். சடையாண்டியார் தண்டில் கை வைத்தபடியே உட்கார்ந்தார். அப்படியே உறங்கிவிட்டார்.

மேளம் புறப்பாட்டுக்கு முழங்கியது. உலுக்கினார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அவர் எழவில்லை. தீர்த்தவாரிக்கு நேரமாகிறது என்று பெரியவர்கள் பதறினார்கள். வழக்கத்தை ஒருநாள் மறப்போம் என்று அவரை ஓரமாகக் கிடத்திவிட்டு, வேறொருவரை நிறுத்தித் தூக்கினார்கள். பல்லக்கு அசையவில்லை. இன்னும் நான்கு பேர் சேர்ந்தார்கள். மலையைத் தூக்கப் பார்த்ததுபோல்தான் இருந்தது.

அப்போது சுவாமியின் அருகே நின்ற சிவாச்சாரியாருக்கு உடல் விதிர்த்தது. தம்முடையதல்லாத குரல் ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது.

"பத்து நாளா அவன் ஒருத்தனா நின்னு போராடி அசந்திருக்கான். எழுப்பாதீங்க. அவன் எழுந்ததும் நான் வாறேன்."

உலகம்மையார் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்து, கணவரின் தலையை மடியில் எடுத்து வைத்து, முந்தானையால் வெயில் மறைத்தார். நல்ல நேரம் வந்தது, போனது. எல்லோரும் காத்திருந்தார்கள். சுவாமியும் காத்திருந்தார்.

பொழுது சாயும் வேளையில் அடியார் விழித்தார். வெயிலைப் பார்த்ததும் பதறிப்போய், கெடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். உலகம்மையார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ஓராண்டுக்குப் பிறகு அன்றுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"சாமி எங்கேயும் போகல. மெல்ல எந்திரிங்க."

அவர் தோள் கொடுத்ததும் பல்லக்கு எழுந்தது. ஆனால் எடை குறையவில்லை, அயர்வும் தீரவில்லை. அடிக்கு அடி நின்று நின்றுதான் நடந்தார். மற்ற ஏழு பேரும் அவர் நடைக்கே நடந்தார்கள். ஆற்றில் சுவாமியை இறக்கிய பிறகு, இடுப்பளவு நீரில் நின்று, வெள்ளையப்பனின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதார். கரையில் உலகம்மையாரும் அழுதார். இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.

ஈசனையே நடுவழியில் காத்திருக்க வைத்த அந்த எளிய அடியாரின் அயர்வுக்கும் நம் வணக்கம் உரியது.