வகை பதினைந்து

மாணவருக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆசிரியை இசக்கியம்மாளுக்கு முப்பத்தொன்று. அதனாலேயே டாக்டர் தனிஸ்லாஸ் அவரை "டீச்சர்" என்று சற்று உரக்கக் கூப்பிடுவார். பாதி கேலி, பாதி மரியாதை. இசக்கியம்மாள் இரண்டையும் கண்டுகொள்வதில்லை.

தனிஸ்லாஸ் ஒரு மருத்துவமனையில் கிருமி ஆய்வுக்கூடத்தின் தலைவர். கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து, உலகத்தில் பலர் இணையத்தில் சேர்த்து வைத்திருக்கும் தரவுத்தளங்களோடு ஒப்பிடுவது அவருக்குப் புதிய வித்தை. அதைக் கற்கத்தான் சனிக்கிழமைதோறும் நாகர்கோவிலில் உள்ள இந்தக் கல்லூரி மாடிக்கு வந்துகொண்டிருந்தார்.

அன்று செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"டீச்சர், ஆள் கிடைச்சாச்சு."

"என்ன ஆள்?"

பச்சிளங்குழந்தைகள் வார்டில் இரண்டு குழந்தைகளுக்கு இரத்தத்தில் கிளெப்சியெல்லா கிருமி. ஒன்று தேறிவிட்டது, மற்றது தேறிக்கொண்டிருக்கிறது. வார்டில் வேலை செய்பவர்கள் எல்லோருடைய கையிலும் பஞ்சை ஒற்றி எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். ஜெசிந்தா என்ற நர்ஸின் கையில் மட்டும் கிளெப்சியெல்லா வளர்ந்தது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு வேலை இருக்குமா போகுமா என்பது திங்கட்கிழமை தனிஸ்லாஸ் கொடுக்கப்போகும் அறிக்கையில் இருந்தது.

"யாரையும் கேக்கல டீச்சர். மூணு கிருமியோட மரபணு வரிசையையும் நானே ஏத்தி, நானே பாத்தேன். குழந்தைங்க ரெண்டுலயும் வகை பதினைந்து. ஜெசிந்தா கையில இருந்ததும் வகை பதினைந்து. பச்சைக் கலர்ல நூறு சதவீதம்னு வந்துச்சு."

"சந்தோஷமா இருக்கீங்களா, சார்?"

தனிஸ்லாஸ் உட்கார்ந்தார்.

"எப்படி இருப்பேன்? டிரெயினிங்குக்கு வந்தப்பவே தெரியும் அந்தப் பிள்ளைய. நேத்து போன் பண்ணி, 'சார், நான்தான் கொண்டுவந்தேனா?'ன்னு கேக்குது. சோறு இறங்கலையாம். சொந்தப் பிள்ளையக்கூடத் தூக்க மாட்டேங்குதாம்."

"என்ன சொன்னீங்க?"

"கம்ப்யூட்டர் சொல்லட்டும்னேன். இப்ப அது சொல்லிட்டுது. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுல்லா?"

ஆசிரியை மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"வகை பதினைந்துன்னு மட்டும் போட்டுத் தேடுங்க. ஊர், வருஷம் எதுவும் வேண்டாம்."

தேடினார். பட்டியல் திரையை நிரப்பிக் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது.

"வாசிங்க."

"நேபாளம். வியட்நாம். பிரேசில். திரும்பவும் நேபாளம். போர்ச்சுகல்..." தனிஸ்லாஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இது மனுஷன் இல்லையே. நாய்."

"அந்த நாய் உங்க வார்டுக்கு எப்ப வந்துச்சு?"

தனிஸ்லாஸுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"அப்ப வகைங்கறது?"

"வகையறா. ஐம்பது லட்சத்துச் சொச்சம் எழுத்துல ஏழு ஜீனை மட்டும் பாத்து, இது இன்னார் வகையறான்னு சொல்லும். நீங்க கேட்டதும் அதத்தானே. உங்க வகையறால எத்தனை வீடு, சார்?"

"எங்க ஊரு வள்ளவிளையில மட்டும் ஒரு நாப்பது இருக்கும். அதுல பாதி வீட்டோட பேச்சுவார்த்தை கிடையாது."

"முழு வரிசையையும் ஒப்பிடச் சொல்லுங்க."

எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தனிஸ்லாஸ் இரண்டு இடத்தில் தடுமாறினார். ஆசிரியை உதவவில்லை. கணினி ஓடத் தொடங்கியதும் டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சோற்றை நடுவில் வைத்தார். தனிஸ்லாஸ் வேண்டாம் என்று தலையசைத்தார். திரையில் ஊர்ந்துகொண்டிருந்த நீலக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடை வந்தது. இரண்டு குழந்தைகளின் கிருமிகளுக்கும் இடையே இரண்டே எழுத்து வித்தியாசம். ஜெசிந்தாவின் கையிலிருந்த கிருமி அவற்றிலிருந்து நானூறு எழுத்துக்கு மேல் விலகியிருந்தது.

"டீச்சர், இது..."

"வேற வீடு."

தனிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எண்களை மறுபடி வாசித்தார். பிறகு போனை எடுத்தார்.

"ஜெசிந்தா, நீ கொண்டுவரல. உன் கையில இருந்தது வேற."

"இன்னொருக்கா சொல்லுங்க, சார்."

இன்னொரு முறை சொன்னார். எங்கோ உள்ளறையில் ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. "இருங்க சார்," என்றார் ஜெசிந்தா. சிறிது நேரத்தில் அந்தச் சிணுங்கல் போனுக்கு வெகு அருகில் வந்து அடங்கியது.

தனிஸ்லாஸ் போனை வைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு வாய் சாப்பிட்டார்.

"உப்பு கம்மி டீச்சர்."

"வேண்டாம்னவருக்கு அது போதும்."

மூன்றாவது வாய்க்கு முன்னால் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இன்னைக்கு நானூறுன்னு வந்துச்சு, பிழைச்சோம். அவ கையில இருந்ததுக்கும் ரெண்டே எழுத்துதான் வித்தியாசம்னு வந்திருந்தா? அவதான் கொண்டுவந்தான்னு எழுத வேண்டியதுதானே?"

"அந்தக் குழந்தைங்களத் தூக்கிப் பால் குடுத்தது யாரு, சார்?"

"அவதான். அவ டூட்டிதானே அது."

"அப்ப குழந்தைங்ககிட்ட இருந்து அவங்க கைக்கு ஒட்டியிருக்கலாமே. 'அவர் கையிலும் இருந்தது'ன்னு மட்டும் எழுதுங்க."