பேயாண்டிக்குப் போட்ட பந்தி

முன்னொரு காலத்திலே ஆனைமேடு என்கிற சீமையை வீரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. மாலையில் வரும் புத்தி பெரும்பாலும் கலயத்திலிருந்து வரும். பொழுது சாய்ந்தால் ஒரு கலயம் தென்னங்கள்ளு வந்தாகவேண்டும். முப்பது வருஷத்துப் பழக்கம்.

அறுபது முடிந்த மறுவாரம் கொலுமண்டபப் படியில் கால் இடறி விழுந்தார். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, "இனிமேல் கலயத்தைத் தொடக்கூடாது, மகாராஜா" என்று சொல்லிவிட்டார். இடுப்பு வலித்ததைவிட ராஜாவுக்கு அந்தச் சொல்தான் அதிகமாக வலித்தது.

உடனே சபையைக் கூட்டினார். "வயசானவன் தினம் ஒரு கலயம் குடிக்கலாமா, கூடாதா? வாயைத் திறந்து சொல்லுங்கள்!"

சபையில் தாண்டவராயர் என்று ஒரு பெரிய மனிதர். மந்திரி உலகநாதர் விரலில் இருந்த முத்திரை மோதிரத்தைப் பார்த்துப் பார்த்தே இளைத்துப்போனவர். அவர் துள்ளி எழுந்தார்.

"தாராளமாகக் குடிக்கலாம், பிரபு! வயசாக ஆக ரத்தம் சுண்டும். அதை இளக்குவது கள் ஒன்றுதான். அறுபது தாண்டிய எல்லோரும் தினம் குடித்தே தீரவேண்டும் என்று சட்டமே போடலாம்!"

ராஜாவுக்கு இடுப்புவலி பாதி குறைந்தது. "மந்திரியாரே, நீர் என்ன சொல்கிறீர்?"

"வைத்தியர் சொன்னதைத்தான், பிரபு."

"உமக்கு வேறு பேச்சே வராதா? தாண்டவராயரே, அத்தாட்சி காட்டும். காட்டிவிட்டால் மறுநாளே சட்டத்தை முரசறைவோம். மந்திரியின் மோதிரமும் உமக்குத்தான்!"

மூன்றாம் நாள் தாண்டவராயர் ஒரு கிழவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெயர் பேயாண்டி. வயசு தொண்ணூற்றாறு. கையில் கம்பு இல்லை. வாயில் முறுக்குக் கடிக்கிற அளவுக்குப் பல் இருந்தது.

"எழுபது வருஷமாக ஒரு நாள் தவறாமல் பனந்தோப்புக் கள்ளுக்கடைக்குப் போய்வருகிறவர், பிரபு! இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?"

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கிவந்து கிழவரைக் கட்டிக்கொண்டார். தாண்டவராயர் மோதிர விரலை இப்போதே நீவிவிட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு வேண்டுகோள்" என்றார் மந்திரி. "இப்பேர்ப்பட்டவரை வெறும் வயிற்றோடு அனுப்பினால் நம் சீமைக்கே அவமானம். நாளை மதியம் என் வீட்டில் விருந்து. பிரபுவும் வரவேண்டும். பெரியவரின் கள்ளுக்கடைக் கூட்டாளிகள் அத்தனை பேருக்கும் இலை போடுகிறேன். மோதிரத்தை அங்கேயே கழற்றித் தருகிறேன். பெரியவரே, கூட்டாளிகள் எத்தனை பேர்?"

"பதினோரு பேருங்க. எல்லாரும் என்னைவிட இளசு. ஆனா சாமி, அவங்க..."

"மீதியைப் பந்தியில் பேசிக்கொள்ளலாம்!"

மறுநாள் பதிமூன்று இலை விரிந்தது. மிளகுக்குழம்பும் வறுத்த அயிரை மீனும் தெருக்கோடிவரை மணத்தன. ராஜா இலைக்குப் பக்கத்தில் நுரை தள்ளும் கலயம் வேறு. ஆனால் அந்தச் சீமையில் பந்திக்கு ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் எல்லா இலைக்கும் ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஒருவர் கை வைக்கலாம். ராஜாவானாலும் சரி.

உட்கார்ந்தது ராஜாவும் பேயாண்டியும் என்று இரண்டே பேர். மோதிரத்துக்காக வந்த தாண்டவராயரும் சபையோரும் அடுத்த பந்திக்காக ஓரமாக நின்றார்கள். ராஜா பார்த்தார். குழம்பில் ஆடை படிந்தது. கலயத்தில் நுரை அடங்கியது.

"எங்கே ஐயா அந்தப் பதினோரு பேர்?" என்று கத்தினார்.

பேயாண்டி தலையைச் சொறிந்தார். "அதைத்தாங்க மகாராசா நேத்தே சொல்ல வந்தேன். மொத இலை காத்தானுக்கு. அவன் குடிச்சிட்டு வரப்போ ஏரியில விழுந்து எழுபது வருசமாச்சு. அடுத்தது சடையன், ஈரல் வீங்கிப் போனான். அப்புறம் வீரணன், படியில விழுந்தான்..."

"படியிலா?" என்று ராஜா இடுப்பைத் தடவிக்கொண்டார். "பதினோரு பேருமா?"

"மாயழகன் மட்டும் பாம்பு கடிச்சுச் செத்தான். அந்தப் பழியையும் கள்ளு மேல போடக்கூடாதில்லீங்களா?"

தாண்டவராயர் பதறினார். "குடிக்காதவன் மட்டும் சாகாமலா இருக்கிறான், பிரபு? செத்தவர்களை விடுங்கள். இதோ குடித்தும் உயிரோடு இருக்கிறாரே!"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ராஜாவின் கை மெல்லக் கலயத்தின் பக்கம் நகர்ந்தது.

மந்திரி அதுவரை யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டார். "பெரியவரே, நீங்கள் தினம் எவ்வளவு குடிப்பீர்கள்?"

"நானா? கள்ளா?" பேயாண்டி முகத்தைச் சுளித்தார். "அந்த வாடையே எனக்குக் குமட்டுங்க. காத்தான் ஏரியில விழுந்த அன்னிக்கே பேசி முடிவு பண்ணிட்டோம். கரைமேல கைபிடிச்சுக் கூட்டிவர ஒருத்தன் தெளிவா இருக்கணுமில்ல? அவனுங்க குடிச்சானுங்க, நான் சுண்டல் தின்னேன். இன்னிக்கும் அங்க வர்ற அறுபது வயசுப் பயலுகளை நான்தான் வீடு சேர்க்கிறேன்."

ராஜா திரும்பினார். "தாண்டவராயரே, நீர் இதை விசாரிக்கவில்லையா?"

"தினம் கடைக்குப் போவாயா என்று கேட்டேன்... போவேன் என்றார்... பிரபு."

மந்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ராஜாவுக்கோ கோபமும் துக்கமும் சேர்ந்து வந்தன. கலயத்தை ஒருமுறை பெருமூச்சோடு பார்த்துவிட்டு அப்பால் தள்ளினார். "சட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மோதிரம் இருக்கிற விரலிலேயே இருக்கட்டும். பேயாண்டித் தாத்தா, உமக்கு என்ன வேண்டும்? கேளும்."

"முழங்கால் முன்ன மாதிரி இல்லீங்க. என் வேலைக்கு ஒரு ஆள் போடுங்க. குடிக்காதவனா, கை பலமுள்ளவனா."

ராஜாவின் கண் சபையோரைச் சுற்றிவந்து ஒரே இடத்தில் நின்றது. "இதோ இருக்கிறாரே, தாண்டவராயர்! இன்று மாலையே வேலையில் சேரும்!"

அன்று பொழுது சாயும் நேரம் பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்துகட்டிக்கொண்டு தாண்டவராயர் தோப்பு வாசலில் தலையை எண்ணினார். ஒரு தலை கூடுதலாக இருந்தது. சால்வையால் முக்காடு போட்டிருந்தது. முக்காட்டுக்கு அடங்காமல் மீசை வெளியே நின்றது.

"பிரபு! தாங்களா?"

"கத்தாதேயும். பேச்சு கேட்கத்தான் வந்தேன். சுண்டல் தின்றேன், அவ்வளவுதான்."

வாயை மோந்து பார்க்க யாருக்குத் துணிச்சல்? கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைமேல் நடந்தார்கள். ராஜா நேராகத்தான் நடந்தார் என்று தாண்டவராயர் சாகிறவரைக்கும் சத்தியம் செய்தார். செய்யாமல் என்ன செய்வார்?