யூதாஸின் இலை

பாஸ்கா நாடகத்தில், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் வேடத்துக்கு ஆள் பிடிப்பதற்குள் அண்ணாவிக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பேதுருவாக வருவதற்கு ஊரில் பாதிப்பேர் தாடி வளர்த்துக்கொண்டு நிற்பார்கள். யூதாஸ் என்றதும், "எம் பிள்ளைக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம் அண்ணாவி" என்று நழுவிவிடுவார்கள்.

அந்த வருஷம் இன்னாசி தானாகவே வந்து கேட்டான்.

அண்ணாவி என்றால் நாடகம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். சந்தியாகு அண்ணாவி இன்னாசியைவிட வயதில் இளையவர். வாய் நிறைய "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் பாடம் கேட்கும்போது இன்னாசி கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பான்.

"ஏண்ணே உங்களுக்கு இந்த வேஷம்?"

"எனக்குப் பொருந்துற வேஷம் இதுதானே அண்ணாவி."

அண்ணாவி மேற்கொண்டு கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த கதைதான். பெண்டாட்டி பிலோமியையும் மகளையும் விட்டுவிட்டு இன்னொருத்தியோடு திருப்பூருக்குப் போனவன் இன்னாசி. அங்கேயும் நிலைக்கவில்லை. திரும்பி வந்து, செத்துப்போன அம்மாவின் வீட்டில் தானே பொங்கித் தின்றுகொண்டிருந்தான். பிலோமியின் வீடு அதே தெருவில்தான். அதன் வாசலைத் தாண்ட முகமில்லாமல், குளத்தைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்கு வருவான். அந்த வாசலில் போய் நிற்கலாமா கூடாதா என்பதுதான் இரவும் பகலும் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், இயேசு சீடர்களோடு உண்ணும் கடைசி இராப்போசனக் காட்சிக்கு ஒத்திகை நடந்தது. அந்த ஊரில் இந்தக் காட்சிக்கு மட்டும் நிஜச் சோறு, நிஜ வாழையிலை. எருசலேமில் ஏது வாழையிலை என்று பங்குச்சாமியார் ஒருமுறை கேட்டாராம். "பந்தின்னா இலை போடாம எப்படிச் சாமி?" என்று அவர் வாயை அடைத்துவிட்டார்கள்.

இயேசுவாக உட்கார்ந்திருந்த அருளப்பன், பருப்புச் சோற்றில் ஒரு கவளம் உருட்டி யூதாஸுக்கு நீட்டினான். இன்னாசி வாங்கி வாயில் போட்டுக்கொண்டு எழுந்தான். வெளியே போக வேண்டிய இடம் அது. அவன் போகாமல் நின்றான்.

"என்னண்ணே, வசனம் மறந்துபோச்சா?"

"இல்ல அண்ணாவி. இவன் காட்டிக்குடுக்கப் போறான்னு ஆண்டவருக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் போக விட்டாரு? எட்டிக் கையப் புடிச்சிருக்கலாமே. நான் திருப்பூருக்குப் போனப்பவும் அவரு புடிக்கலையே."

அண்ணாவி அருளப்பன் பக்கம் திரும்பினார்.

"அவர் கையப் புடிப்பா. நான் சொல்ற வரைக்கும் விடாத."

அருளப்பன் தையல்காரன் என்றுதான் பேர். கை என்னவோ உலக்கை மாதிரி இருக்கும். இன்னாசி உதறிப் பார்த்தான், முறுக்கிப் பார்த்தான். நகர முடியவில்லை.

"போகத்தான் முடியல. உக்காந்து சாப்பிடுங்கண்ணே."

"சோத்துக் கையில்ல புடிச்சிருக்கான்! எப்படிச் சாப்பிட?"

"அப்பச் சும்மா உக்காந்திருங்க. ஆண்டவர் பந்தியிலதானே இருக்கீங்க."

"இதுவா பந்தி? போலீஸ் டேசன் மாதிரி இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். இன்னாசியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"விட்டுரு அருளப்பா" என்றார் அண்ணாவி.

இன்னாசி சிவந்துபோன மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். பிறகு வசனத்தைச் சொல்லிவிட்டு, மேடையை விட்டு இறங்கிப் பக்கத்து வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டான்.

மற்றவர்கள் சாப்பிட்டார்கள். தவக்கால நோன்புப் பசி, அப்போஸ்தலர்கள் வெளுத்துக்கட்டினார்கள். பேதுரு வேடக்காரன் மிக்கேல் சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டே வந்தான். இன்னாசியின் இலையில் சோறு அப்படியே கிடந்தது. அதையும் சேர்த்து எடுக்கக் குனிந்தான்.

"மிக்கேலு, அத எடுக்காத."

"இது யூதாஸ் இலை அண்ணாவி."

"தெரியும். இருக்கட்டும்."

"அவன் வரவா போறான்? போயி நாண்டுக்கிட்டுச் சாகத்தானே போறான்!"

"அது அவனா செஞ்சது. பந்தியில இலைய எடுன்னு யாரு சொல்லணும்?"

"பந்தி வச்சவுக சொல்லணும்."

"ஆண்டவர் சொன்னாரா?"

மிக்கேல் தாடியைச் சொறிந்தான். வேதத்தில் அப்படி ஒரு வரி அவனுக்கு ஞாபகம் வரவில்லை. இலையை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

மரத்தடியில் இன்னாசிக்கு எல்லாம் கேட்டது. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அண்ணாவி இறங்கி அவனிடம் வந்தார்.

"அப்ப, பிலோமி வீட்டுலயும் எனக்கு இலை இருக்குமா அண்ணாவி?"

"அத நான் எப்படிச் சொல்ல முடியும்? அன்னைக்குப் போறதா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணீங்க. இன்னைக்கு மதினி முடிவு பண்ணணும்."

"மூஞ்சியில கதவச் சாத்திட்டா?"

"சாத்தலாம்."

"வெளக்குமாத்த எடுத்தா?"

"வாங்கிக்கங்க."

"அப்புறம் எதுக்குப் போகணும்? அவ என்ன சொல்லுவான்னு எனக்குத்தான் தெரியுமே."

அண்ணாவி தன் தோள்துண்டை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொள்ள அவனிடம் கொடுத்தார்.

"யூதாசும் அப்படித்தாண்ணே நெனச்சான். ஆண்டவர் என்ன சொல்லுவாருன்னு தனக்குத் தெரியும்னு. ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கல."